ஆவுடைச்சி பெயர் வெட்டிய வீடு

ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாய் அக்கா வீட்டிலிருந்து கிளி வைத்த வெண்கலத் தூக்கைக் கொண்டுவந்தேன், செவ்வாய்க்கிழமை அது மதுரைக்குப் போனது, புதன்கிழமை காலையில் என் மகள் தன்ஷிகாவின் சாப்பாட்டு டப்பாவில் எலுமிச்சை சாதத்தை அமுக்கி வைத்து மூடினால், மூடியின் மேல் சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்தி, கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே அதே மாதிரி, ‘பொ. ஆவுடைச்சி’ என்று வெட்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் டப்பா மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூடியின் ஓரத்தில் அவள் பல்லால் கடித்த நெளிசல் இருந்தது, அது வேறு பிள்ளை டப்பாவில் இருக்க வழியில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே பையில் வைத்து அனுப்பிவிட்டு, அடுப்படிக்கு வந்து பார்த்தேன். டம்ளரில் ஆவுடைச்சி, சோற்றுத்தட்டில் ஆவுடைச்சி, குழம்புக் கரண்டியின் காம்பில் இடம் போதாமல் ‘ஆவுடை’ ஒரு பக்கமும் ‘ச்சி’ மறுபக்கமும்.

எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரத்தை யாரும் சீராகக் கொடுப்பதும் இல்லை வாங்குவதும் இல்லை. கல்யாண வீட்டில் நாற்பது அண்டாவும் நூறு கரண்டியும் கலந்து கிடந்தாலும் மறுநாள் எழுத்தைத் தடவிப் பார்த்து அவரவர் சாமானை அவரவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதில் இதுவரை ஒரு வழக்கும் வந்ததில்லை. பெயர் யாருடையதோ சாமான் அவர்களுடையது, அவ்வளவுதான் சட்டம்.

நானும் என் வீட்டுக்காரர் உச்சிமாகாளியும் பழைய சாமான் எடுக்கிறவர்கள். எங்கள் தெருவே அந்தத் தொழில்தான், ஒன்பது வீடு, ஒன்பது வாசலிலும் தராசு. அவர் லோடு ஆட்டோவில் தூரத்து ஊர்களுக்குப் போவார், நான் மொபெட்டில் மாற்றுக்குக் கொடுக்கப் பிளாஸ்டிக் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களைச் சுற்றுவேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன், கணக்கு நன்றாக வரும், அதைவிட வாய் நன்றாக வரும். நான் சிரித்துக்கொண்டு போய் நின்றால் திறக்காத கதவு இல்லை. லீவு நாளில் தன்ஷிகாவையும் முன்னால் நிறுத்திக் கூட்டிப் போவேன், பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவளை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது, ஆனாலும் தெரியும்.

எங்கள் தொழிலில் முதல் பாடம், உனக்கு வேண்டிய சாமானைப் பார்க்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்கும் ஆகாததைப் பார்க்க வேண்டும். அதை எடுத்துத் தட்டி, திருப்பி, வெயிலில் பிடித்து, ‘யக்கா, இது நல்லாருக்கே’ என்று ஆசைப்பட்டு, அவர்கள் நினைத்ததற்கு மேலேயே விலை கொடுத்து எடுக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் மனசு இளகி நிற்கும்போது, வேண்டிய சாமானைக் காலால் தள்ளி, ‘இதையும் சேத்துப் போடுங்க, எடைக்குத்தான் போவும்’ என்று கொசுறாகக் கேட்க வேண்டும். இதில் யாரும் சண்டைக்கு வந்ததே இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள்.

சண்முகத்தாய் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும், பீடி சுற்றுகிறவர், ஒற்றைக்கட்டை. மடியில் முறம் மாதிரிச் சொளவு, சொளவில் இலையும் தூளும். பேசிக்கொண்டே சுற்றுவார், பேச்சும் நிற்காது கையும் நிற்காது. பரணிலிருந்து அவர் இறக்கிப் போட்டதில் ஒரு பித்தளைச் சருவச்சட்டியும், நசுங்கின இரண்டு செம்பும், அந்தத் தூக்கும் இருந்தன. கறுத்துப் போன வெண்கலத் தூக்கு. மூடியின் மேல் இரண்டு கிளி, மூக்கோடு மூக்கு ஒட்டி, அந்த வளைவையே கைப்பிடியாக வார்த்திருந்தார்கள். கிளியின் கழுத்து வளையம்கூடத் தெரிந்தது. இந்த மாதிரித் தூக்குக்காக மதுரையில் ஒருவர் ஒன்றரை வருஷமாக எனக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

நான் சருவச்சட்டியை எடுத்தேன்.

“யக்கா, இது அந்தக் காலத்துப் பித்தளையால்லா இருக்கு. கனத்தப் பாருங்க.”

“எனக்கு என்னத்தத் தெரியும். நீ பாத்துச் சொல்லு பிள்ள, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்” என்றார். சொல்லிவிட்டு என்னமோ பீடி நூலைப் பல்லில் கடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டிக்கு நான் கொடுத்த விலையில் அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. அதற்குள் தன்ஷிகா தூக்கின் முன்னால் உட்கார்ந்து கிளி இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டாள்.

“அது எங்கம்மைக்கு உள்ளது. ஆவுடைச்சின்னு பேரு வெட்டிருக்கும் பாரு. இதத் தூக்கிட்டுத்தான் எண்ணெய் வாங்கப் போவா” என்றார் சண்முகத்தாய் அக்கா. “இது ஏதும் தேறுமா பிள்ள?”

நேருக்கு நேராகக் கேட்டார். விலை கேட்கவில்லை, தேறுமா என்றுதான் கேட்டார். நான் தூக்கைப் பார்க்காமல் சருவச்சட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, “வார்ப்புச் சாமான்க்கா, உருக்கினாலும் ஒண்ணும் தேறாது” என்றேன்.

“அப்ப பிள்ளை வெளாடட்டும்” என்று சொல்லி, தூக்கை எடுத்து முந்தானையால் தூசியைத் துடைத்து, என் மகளின் இரண்டு கையிலும் வைத்தார். “பாத்துப் புடிச்சுக்கோ தாயி, கனமா இருக்கும்.”

ஊர் எல்லையில் வாட்டர் டேங்க் தாண்டியதும் மொபெட்டை நிறுத்தி, தூக்கைப் பிள்ளை கையிலிருந்து வாங்கிச் சாக்கில் சுற்றினேன். அவள் அழுதாள். அது விளையாடுகிற சாமான் இல்லை என்று சொன்னேன். அந்த ஆச்சிதான் தந்தாங்க என்றாள். உனக்குத் தெரியாது, பேசாமல் இரு என்றேன்.

அந்தத் தூக்கு எங்கள் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜாகவும், அடுப்படிக்குப் பளபளவென்று டைல்ஸாகவும், தன்ஷிகாவுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசாகவும் மாறியது. ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய மறுநாள் காலையில் அதன் கதவில், ஒரு முழ உயரத்துக்கு, ‘பொ. ஆவுடைச்சி’.

“பேருதானட்டி, சோத்தையா திங்குது” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும்.

பழகத்தான் செய்தது. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி, “கனெக்‌ஷன் யார் பேர்லக்கா இருக்கு, ஆவுடைச்சியா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பெயரையே ரசீதில் எழுதிக் கொடுத்தான். பக்கத்து வீட்டு மாரித்தங்கம் மதினி, “உனக்கென்னட்டி, இனிமே உன் வீட்டுக் கிண்ணி ஒண்ணுகூடத் தொலையாது” என்று சிரித்தார். அம்மன் கோயில் கொடை விழாவில் பொங்கல் பானைகளை வரிசையாக வைத்தபோது, பூசாரி பானையில் இருந்த பெயரைப் பார்த்து, “ஆவுடைச்சி பொங்கலு, ஆவுடைச்சி பொங்கலு, யாரு வாரது” என்று மைக்கில் கூப்பிட, ஊரே பார்க்க நான் போய் வாங்கிவந்தேன். புதுத்தட்டு நாலு வாங்கி, கடையிலேயே ‘உ. செல்வக்கனி’ என்று என் பெயரைக் கையோடு வெட்டிக் கொண்டுவந்தேன், விடிந்து பார்த்தால் என் பெயர் இருந்த இடம் வழவழவென்று ஆகி, அதன் மேல் ஆவுடைச்சி உட்கார்ந்திருந்தாள். பெயர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய் அரத்தால் ராவிக் கொடுக்கச் சொன்னேன். ராவினார், மறுநாள் முன்பைவிட ஆழமாக வந்தது. தட்டில் சாப்பிட்டு முடித்தால் கடைசிப் பருக்கை எப்போதும் அந்தப் புள்ளிகளுக்குள்தான் மாட்டிக்கொள்ளும். விரலால் நோண்டினாலும் வராது, ஊற வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

என் வீட்டோடு அது நிற்கவில்லை, ஆடி முடிவதற்குள் தெருவில் ஒன்பது வீட்டுக்கும் வேறு வேறு பெயராக வந்துவிட்டது. மாரித்தங்கம் மதினி வீட்டில் பதினொரு பெயர், அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிற ஐயம்பெருமாள் அண்ணாச்சி வீட்டில் எழுத்தின் மேல் எழுத்து, அதன் மேல் எழுத்து, ஒரு பெயரையும் படிக்க முடியாது. புள்ளி குத்திக் குத்தித் தட்டெல்லாம் ஓட்டையாகி, அவர் வீட்டு ஆச்சி, சோறு வடிக்க இனிமேல் தனியாகத் தட்டு வேண்டாம், எந்தத் தட்டைப் போட்டாலும் வடியும் என்றார். தெருக்குழாயில் பாத்திரம் தேய்க்கும்போது முன்பெல்லாம் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி கவிழ்த்து வைப்போம், இப்போது ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தேய்த்தோம். எழுத்து இடுக்கைத் தேய்க்க என்றே ஒருத்தன் சின்ன பிரஷ் கொண்டுவந்து விற்றான், இரண்டே நாளில் தீர்ந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்கள். அதில் ஒரு நன்மையும் இருந்தது, எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன்பே தட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார்கள்.

யார் பெயர் என்று எங்களில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கும் தெரியும், அதனால் ஆவணியில் ஒருநாள் புதுக் குக்கர் ஒன்று வாங்கி, அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல், சண்முகத்தாய் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். எதையும் சொல்வதாக இல்லை. ஒரு குக்கரில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், கணக்கு நன்றாக வரும் என்று சொன்னேன் அல்லவா. அவர் பெட்டியைப் பிரித்தார். குக்கரின் வயிற்றில் ‘பொ. ஆவுடைச்சி’ என்று வந்திருந்தது.

சண்முகத்தாய் அக்கா அதை விரலால் தடவினார். ஒரு தடவை, பிறகு திரும்ப ஒரு தடவை. “எங்கம்மை பேரயா வெட்டிக் கொண்டாந்திருக்க” என்றார். “பெத்த பிள்ள எனக்குத் தோணல பாரு. எவளோ ஒருத்திக்குத் தோணுது.”

நான் வெட்டவில்லை என்று சொல்லாமல் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், பிளாஸ்டிக் மக்கில். அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது, போகிற போக்கில் அதை ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வந்தார். குக்கர் கொண்டுவந்தவளுக்கு மக்கில் தண்ணீரா என்று ஒரு நிமிஷம் எனக்குக் கோபம்கூட வந்தது. வரும் வழியில் மொபெட்டின் பெட்ரோல் டேங்கைப் பார்த்தேன், அதிலும் பெயர் ஏறியிருந்தது.

இப்படியே இருந்திருப்பேன். உண்மையைச் சொன்னால், இருந்துதான் இருப்பேன். பெயர்தானே, சோற்றையா தின்கிறது.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் தன்ஷிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கையை விரித்து ஒரு ரப்பரைக் காட்டினாள். பச்சைக் கிளி மாதிரி ரப்பர், சிவப்பு மூக்கு, முகர்ந்தால் ஸ்ட்ராபெர்ரி வாசனை. மெர்சி என்கிற பிள்ளையுடையது. மெர்சியின் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, வகுப்பில் ஒருத்தரையும் தொட விடமாட்டாளாம்.

“உனக்கு மட்டும் எப்படிட்டி தந்தா?”

“நான் ரப்பரப் பாக்கவே இல்லம்மா” என்றாள் என் மகள். “அவ பென்சில் டப்பா ஒடஞ்சி கெடந்துச்சி. அதத்தான் நல்லாருக்கு நல்லாருக்குன்னேன். என் கிளிப்பு ரெண்டையும் குடுத்து அத வாங்கிக்கிட்டேன். அவளுக்கு ரொம்பச் சந்தோசம். அப்புறம் இந்த ரப்பரு அழிக்காது, வாசனதான் வரும், இதையும் போடுன்னேன். அவளாத் தந்துட்டா.”

நான் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, பிள்ளை கெட்டிக்காரி என்று ஒரு நொடி நெஞ்சு நிறையவும் செய்தது. அப்புறம் அவள் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தாள். கொலுசின் கொக்கிக்குப் பக்கத்தில், அரிசி மணி அகலத் தகட்டில், எறும்பு வரிசை மாதிரி ‘மெர்சி’ என்று வெட்டியிருந்தது.

அன்றைக்கு இரவு அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நாளைக்கு அந்த ரப்பரக் குடுத்துரு” என்றேன்.

“நீ தூக்கக் குடுத்துட்டியா?” என்றாள்.

வாய்க்கு வாய் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், முதலில் எது, அடுத்து எது என்று கேட்கிற மாதிரி.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நான் மொபெட்டை நிறுத்துவதைப் பார்த்ததுமே சண்முகத்தாய் அக்கா சொளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர் அப்படிச் சொளவை இறக்கி வைத்து நான் பார்த்ததில்லை. நேரே அலமாரிக்குப் போய், துணியை எடுத்துவிட்டு, அந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதில் ‘உ. செல்வக்கனி’ என்று வெட்டியிருந்தது.

“நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும் பிள்ள” என்றார். “அன்னைக்கு அந்தச் சருவச்சட்டில ஓட்ட கெடந்துச்சி. சோப்பு வச்சு அடச்சி, மேல கரியப் பூசிக் குடுத்தேன். நீ என்னடான்னா அதுக்குப் போயி அவ்வளவு துட்டு தந்த. மறுநாளே உன் பேரு வந்துட்டு. அன்னையிலேருந்து இந்த டம்ளர்ல ஒரு மொடக்குத் தண்ணி எறங்கல எனக்கு. நீ குக்கரத் தூக்கிட்டு வந்து நின்னப்பயாவது சொல்லிருக்கணும். வெக்கமா இருந்துச்சி.”

அவர் சொல்லி முடித்ததும் என் கையிலிருந்த டம்ளரில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. செல்வக்கனி போய், உ. போய், டம்ளர் வழவழவென்று ஆனது.

அந்த ஓட்டை எனக்கு அன்றைக்கே தெரியும். கையில் எடுத்ததுமே சோப்பு வாசனை வந்தது. எங்கள் தொழிலில் ஆயிரம் சோப்பு பார்த்தாயிற்று. ஓட்டைச் சட்டியோ நல்ல சட்டியோ, எனக்கு என்ன, நான் எடுக்க வந்தது அதை இல்லையே.

இப்போது நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. ‘பரவால்லக்கா, மனசுல வச்சுக்காதிங்க’ என்று சொன்னால் போதும். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு, அவர் வாசல் வரை வந்து வழியனுப்ப, வீடு திரும்பிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்தும் நின்றது. தன்ஷிகா என் பக்கத்தில் நின்று, நான் எப்படிச் செய்கிறேன் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, உக்காருங்க” என்றேன். சொன்னேன். மதுரைக்காரரின் போட்டோவிலிருந்து ஆரம்பித்து, சட்டியை எதற்குப் பார்த்தேன், தூக்கை எதற்குப் பார்க்கவில்லை, வாட்டர் டேங்கு பக்கம் பிள்ளை அழுதது, குக்கர் பெயர் நான் வெட்டாதது, எல்லாம் சொன்னேன். நான் பேசப்பேச அவர் சொளவை எடுத்து மடியில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். இலையை நறுக்கி, தூளைப் போட்டு, உருட்டி, நூலைக் கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பீடி விழுந்துகொண்டே இருந்தது.

“எங்க பீடி ஏஜெண்டும் இப்படித்தான்” என்றார் கடைசியில். “நல்ல பீடியப் பாத்து, இது சரியில்ல அது சரியில்லன்னு கழிச்சுத் தள்ளுவான். கழிச்சத நமக்குத் தரவும் மாட்டான். அவன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். உன் மூஞ்சிலதான் கண்டுக்கிட முடியல.” நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “எவ்வளவுக்குப் போச்சு?” என்றார்.

சொன்னேன்.

அவர் ரூபாயில் யோசிக்கவில்லை, பீடியில் யோசித்தார், உதடு அசைந்தது. “இன்னைக்குச் சுத்த ஆரம்பிச்சேன்னு வையி. பங்குனி உத்திரம் வரைக்கும் சுத்தணும். ஒரு நாள் காச்சல்னு படுக்கக் கூடாது.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். “நான் அத உன் கையில குடுக்கல. பிள்ள கையில குடுத்தேன்.”

அவர் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அதற்குப் பிள்ளை கையைத்தான் பார்த்தேன்.

“யக்கா, நான் எப்படியாவது…”

“எப்படியாவதும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்” என்றார். “பேரு யாருக்குள்ளதோ சாமான் அவியளுக்குள்ளது. எங்கம்மை பேரு வெட்டின சாமான் எல்லாம் எங்க வீட்டுச் சாமான். கொண்டாந்து எறக்கு.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, தெரு முழுக்க வாசலில் நிற்க, என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே லோடு ஆட்டோவில் ஃபிரிட்ஜை ஏற்றினார். பிறகு கேஸ் அடுப்பு, கிரைண்டர், இட்லிச் சட்டி, தட்டு, டம்ளர், கரண்டி, பொங்கல் பானை. மொபெட்டையும் ஏற்றச் சொன்னேன். “அதயுமாட்டி?” என்றார். டேங்கைக் காட்டினேன். மாரித்தங்கம் மதினி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஐயம்பெருமாள் அண்ணாச்சி மட்டும் தெருவுக்கு இறங்கி வந்து, கையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, வெயிலுக்கு இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“உனக்கு ஒத்தப் பேரு தாயி” என்றார். “வாசிக்க முடியுது. எடுத்துட்டுப் போயிருவ. நான் இத எந்த வாசல்ல கொண்டு எறக்க?” அன்றைக்குத்தான் அந்த மனுஷன் முகத்தில் வயசு தெரிந்தது.

சண்முகத்தாய் அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு சாமானையும் தடவிப் பார்த்து, பெயர் இருந்ததை மட்டும் உள்ளே வாங்கினார். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. ஓட்டத் தெரியாத மொபெட்டைக்கூட வாங்கிச் சுவரோரம் சாத்தினார், பிறகு அதை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், நல்ல விலைக்கு. எல்லாம் இறக்கின பிறகு சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்து, கடித்த நெளிசலை விரலால் பார்த்து, தன்ஷிகாவிடம் நீட்டினார்.

“இது உனக்கு. எங்கம்மைக்கு உள்ளது. பாத்துப் புடிச்சுக்கோ.”

தன்ஷிகா வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாட்டர் டேங்க் தாண்டியதும் பிடுங்கிக்கொள்வேனா என்று பார்த்தாள். “வாங்கிக்கோ” என்றேன், அதற்குப் பிறகுதான் வாங்கினாள்.

திங்கள்கிழமை அவள் ரப்பரைக் கொடுத்து, கிளிப்பைத் திருப்பி வாங்காமல் வந்தாள். கொலுசு வழவழப்பாகிவிட்டது. நாங்கள் ஒரு மாதம் வாழை இலையிலும், அதற்குப் பிறகு புதுத்தட்டிலும் சாப்பிட்டோம். தட்டில் இதுவரை ஒன்றும் வரவில்லை, ஆனால் விடிந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். தொழிலை விடவில்லை, வேறு தொழில் தெரியாது. இப்போது பஸ்ஸில் போகிறேன், எனக்கு வேண்டிய சாமானை நேரே பார்க்கிறேன், இது இன்ன விலைக்குப் போகும், எனக்கு இவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதைக் கேட்டதும் சாமானைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு இரண்டு நாளைக்கு ஒருதரம் பேசுகிறார்.

டப்பாவில் இருக்கிற பெயர் மட்டும் போகவில்லை. அது போகாது என்றுதான் நினைக்கிறேன், அது இப்போது கொடுத்தவர்கள் வெட்டிய பெயர்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மதியச் சாப்பாட்டு நேரம், பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, நாங்கள் இருபது இருபத்தைந்து அம்மாக்கள் சுவரோரம் அவரவர் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றோம். புதிதாக வந்திருக்கிற டீச்சர் டீ டம்ளரோடு நடந்து வந்து தன்ஷிகாவின் டப்பாவைக் குனிந்து பார்த்தார்.

“ஆவுடைச்சி. அழகான பேரா இருக்கே. உங்க பாட்டி பேரா?”

“இல்ல டீச்சர்” என்றாள் என் மகள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி சத்தமாக. “எங்கம்மா ஒரு ஆச்சிய ஏமாத்தினாங்க. அவங்க அம்மா பேரு.”

எனக்குக் காது வரை சூடேறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன், ஒரு வாளித் தண்ணீர் என் தலையில் விழுந்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற அம்மா கையில் இருந்த எவர்சில்வர் பாட்டிலை மெல்லத் திருப்பி மறுபக்கத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்தவரும் திருப்பினார். அதற்கடுத்தவரும். டீச்சர் டம்ளரைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

தன்ஷிகா மட்டும் டப்பாவைத் திருப்பவில்லை. மூடியில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை எழுத்துக்குள்ளிருந்து நகத்தால் நோண்டி எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.